உழாத நிலம் யாருடைய நிலம்?

(மில் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட அரசியல் வகுப்பில் கட்சியின் முழுநேர ஊழியர் ஒருவர் ஆற்றிய உரை)



சென்ற மாத வகுப்பில் நிலப் பிரச்னையைப் பற்றிப் பேசினோம். "உழுபவனுக்கே நிலம்" என்ற கோஷம் எப்படிப் பிறந்தது, அதற்காக எத்தனை பேர் அடி வாங்கினார்கள், சிறை சென்றார்கள் என்றெல்லாம் விளக்கி முடித்தேன். எல்லோரும் எழுந்திருக்கும் நேரம். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு விவசாயத் தொழிலாளித் தோழர், வயதில் பெரியவர், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டே ஒரு கேள்வி கேட்டார்.

"உழுதவனுக்கு நிலம், சரி தோழரே. ஆடு மாடு மேய்க்கிறவன் உழவில்லை. காட்டில் கிழங்கு தோண்டித் தின்கிறவன் உழவில்லை. உழவில்லை என்பதால் அவன் இருக்கிற இடத்தை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாமா?"

நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். உண்மையைச் சொல்ல வேண்டும், அன்று என்னிடம் பதில் இல்லை. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அந்தக் கேள்வி சைக்கிளின் பின் சீட்டில் உட்கார்ந்து என்னோடு வந்தது. நான் பத்தாவது வரை படித்தவன். கிடைத்த புத்தகங்களைத் தேடிப் படித்தேன். இந்தக் கேள்வியை ரத்தத்தால் எழுதிப் பார்த்த ஒரு தேசம் இருக்கிறது. அதன் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன். அந்தத் தேசம் கனடா.

பருப்பு வந்த பூமி

கனடா எங்கேயோ இருக்கிறது, நமக்கென்ன என்று நினைக்காதீர்கள். நம் ரேஷன் கடையில் துவரம்பருப்புக்குப் பதிலாக மஞ்சள் பருப்பு போட்டார்களே, "கனடா பருப்பு" என்று நம் பெண்கள் பெயர் வைத்தார்களே, அந்தப் பருப்பு விளைகிற பூமியைப் பற்றித்தான் பேசுகிறேன். 1950களில் நம் நீலகிரியில் குந்தா மின்திட்டம் எழும்பியபோது, கொழும்புத் திட்டத்தின் கீழ் உதவி செய்ததும் இதே கனடாதான். அந்த மின்சாரத்தில் நம் மில்கள் ஓடின.

அந்த நாட்டின் நடுவே மேற்காக மூன்று மாகாணங்கள் இருக்கின்றன: மனிடோபா, சஸ்காட்சுவான், ஆல்பர்ட்டா. அவற்றின் தென்பகுதியில் பெரும்பகுதி ஒரே சமவெளி. மலை இல்லை, மரமும் அதிகம் இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் புல், புல், புல். பிரெய்ரி என்று அதைச் சொல்கிறார்கள். அந்தப் புல்லின் வேர் ஆள் உயரத்துக்கும் கீழே இறங்கி மண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கும். மழை பொய்த்தாலும், காற்று அடித்தாலும், ஆறு மாதம் பனி மூடினாலும் அந்த மண் நகராது.

அந்தப் புல்வெளியில் ஆயிரமாயிரம் ஆண்டுகளாக ஜனங்கள் வாழ்ந்தார்கள். கிரீ, ஒஜிப்வே, பிளாக்ஃபுட், அசினிபாய்ன் என்று பல இனத்தார். நம் பள்ளிக்கூடப் புத்தகத்தில் "செவ்விந்தியர்" என்று போட்டிருந்தது. அது வெள்ளைக்காரன் வழி தவறி வந்து வைத்த பெயர். அவர்களுடைய பெயர் அவர்களுக்கு உண்டு. பிறகு, அந்தப் பெண்களை மணந்த பிரெஞ்சு, ஸ்காட்லாந்து தோல் வியாபாரிகளின் சந்ததியாக மேட்டீ என்ற இன்னொரு ஜனசமூகமும் அங்கே உருவாயிற்று.

இவர்கள் எல்லோருக்கும் சோறு போட்டது காட்டெருமை. இறைச்சி அதிலிருந்து, கூடாரம் அதன் தோலிலிருந்து, ஊசி அதன் எலும்பிலிருந்து. கூட்டம் எங்கே மேயும், எப்போது நகரும், எந்தப் புல்லை எந்தக் காலத்தில் கொளுத்தினால் புதுப்புல் முளைக்கும் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. நம் உழவனுக்குக் கார், சம்பா தெரிவதுபோல அவர்களுக்குப் புல் தெரியும். உழவில்லை. ஆனால் நிலத்தைப் பராமரித்தார்கள். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

காட்டெருமையும் மில் பெல்ட்டும்

1670இல் இங்கிலாந்து ராஜா இரண்டாம் சார்லஸ் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். அந்தப் பிரம்மாண்டமான நிலப்பரப்பு ஹட்சன் விரிகுடாக் கம்பெனிக்குச் சொந்தம் என்று ஆயிற்று. அவர் அந்த மண்ணைக் கண்ணால் பார்த்ததில்லை. கிழக்கிந்தியக் கம்பெனியை அறிந்த நமக்கு இது புதிதல்ல. இருநூறு ஆண்டுகள் தோல் வியாபாரம் செய்த கம்பெனி, பிறகு தன் உரிமையைக் கனடா சர்க்காருக்கு 3 லட்சம் பவுனுக்கு ஒப்படைத்தது. அதிலும் வளமான பகுதியில் இருபதில் ஒரு பங்கு நிலத்தைத் தனக்கென்று வைத்துக்கொண்டது. அங்கே குடியிருந்தவர்களை யாரும் கேட்கவில்லை. கேட்காததால்தான் 1869இல் லூயி ரியெல் தலைமையில் மேட்டீ மக்கள் எழுந்தார்கள். அதன் விளைவாக 1870இல் மனிடோபா மாகாணம் பிறந்தது.

மில் தோழர்களே, இங்கே உங்களுக்கு ஒரு சேதி. அந்நாள் மில்களில் ஒரு பெரிய எஞ்சினிலிருந்து மேலே ஓடும் ஷாஃப்டுக்கும், ஷாஃப்டிலிருந்து ஒவ்வொரு மெஷினுக்கும் தோல் பெல்ட்டுதான் ஓடும். கிழக்கு அமெரிக்காவின் ஆலைகளுக்கு அந்தப் பெல்ட்டுக்குத் தோல் வேண்டியிருந்தது. காட்டெருமைத் தோல் தடிப்பானது, உறுதியானது. 1870களில் துப்பாக்கிக்காரர்கள் புல்வெளிக்குள் புகுந்தார்கள். தோலை உரித்துக்கொண்டு உடலை அழுக விட்டார்கள். வட அமெரிக்கா முழுவதும் மூன்று கோடி அளவில் இருந்திருக்கலாம் என்று மதிப்பிடப்படும் காட்டெருமை, 1880களின் முடிவில் சில நூறாகக் குறைந்தது. கனடாப் பகுதியில் 1879க்குள்ளாகவே கூட்டங்கள் மறைந்துவிட்டன.

ஒரு கண்டத்தின் உணவுப் பானையை உடைத்து ஆலைக்குப் பெல்ட்டு தைத்தார்கள். அந்த ஆலையில் பன்னிரண்டு மணி நேரம் நின்ற தொழிலாளி இதற்குக் காரணமல்ல. லாபம் யாருக்குப் போயிற்றோ அவன்தான் காரணம்.

"உழவில்லை" என்ற குற்றச்சாட்டு

உணவு அழிந்துகொண்டிருந்த காலத்தில்தான் ஒப்பந்தங்கள் வந்தன. 1871 முதல் 1877க்குள் ஏழு ஒப்பந்தங்கள். சூரியன் ஒளிவிடும்வரை, புல் முளைக்கும்வரை, ஆறு ஓடும்வரை இது நிலைக்கும் என்று வாக்குக் கொடுக்கப்பட்டதாக அந்த மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். அவர்கள் புரிந்துகொண்டது, நிலத்தைப் பகிர்ந்துகொள்வோம் என்று. சர்க்கார் எழுதிக்கொண்டது, நிலத்தை விட்டுக்கொடுத்தார்கள் என்று. கைநாட்டு வாங்கிக்கொண்டு பத்திரத்தில் வேறு எழுதுகிற வித்தை நம் ஊர் வட்டிக்கடைக்காரனுக்கும் தெரியும்.

பதிலுக்குக் கிடைத்தது என்ன? முதல் இரண்டு ஒப்பந்தங்களில் ஐந்து பேர் குடும்பத்துக்கு 160 ஏக்கர். 1874, 1876 ஒப்பந்தங்களில் 640 ஏக்கர் என்ற கணக்கில் "ரிசர்வ்" நிலம். அதுவும் சர்க்காரின் பெயரில்தான் இருக்கும். தலைக்கு வருஷம் 5 டாலர். தோழர்களே, சிரிக்காதீர்கள்: அந்த 5 டாலர் இன்றைக்கும் 5 டாலர்தான். ஒன்றரை நூற்றாண்டில் எல்லா விலையும் ஏறிற்று, இது மட்டும் ஏறவில்லை.

கிரீ தலைவர் மிஸ்டஹிமாஸ்க்வா, அதாவது "பெரிய கரடி", 1876இல் கையெழுத்துப் போட மறுத்தார். ஆறு ஆண்டுகள் தாக்குப் பிடித்தார். பஞ்சம் வந்தது. சர்க்கார் கிடங்கில் உணவு இருந்தது. ஒப்பந்தத்தை ஏற்று ரிசர்வுக்குப் போகிறவர்களுக்குத்தான் ரேஷன் என்றார்கள். தம் ஜனங்கள் பட்டினியில் விழுவதைப் பார்க்க முடியாமல் 1882 டிசம்பரில் அவர் ஒப்புக்கொண்டார். பட்டினியை ஆயுதமாக்குவது என்றால் இதுதான்.

1885இல் மீண்டும் கிளர்ச்சி வெடித்தது. நவம்பர் 7இல் கண்டத்தின் குறுக்கே போட்ட ரயில் பாதையின் கடைசி ஆணி அடிக்கப்பட்டது. நவம்பர் 16இல் லூயி ரியெல் ரெஜினா நகரில் தூக்கிலிடப்பட்டார். நவம்பர் 27இல் பேட்டில்ஃபோர்டில் எட்டுப் பூர்வகுடி ஆண்கள் ஒரே மேடையில் தூக்கிலிடப்பட்டார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டிவந்து அதைப் பார்க்க வைத்தார்கள். பெரிய கரடி சிறைக்குப் போனார்; 1887இல் வெளிவந்து மறு ஆண்டே இறந்தார்.

அதன்பின் ரிசர்வை விட்டு வெளியே போகச் சீட்டு வேண்டும் என்றார்கள். இதற்குச் சட்டமே கிடையாது. ஆனாலும் பல பத்தாண்டுகள் நடத்தினார்கள்.

இப்போது நம் பெரியவரின் கேள்விக்கு வருகிறேன். "இவர்கள் உழாதவர்கள், நிலம் வீணாகக் கிடக்கிறது, உழுகிறவனுக்குக் கொடுப்போம்." இதுதான் அந்தச் சர்க்காரின் வாதம். கேட்பதற்கு நம் கோஷம் மாதிரியே இருக்கிறதல்லவா? என் தூக்கத்தைக் கெடுத்தது இதுதான்.

ஆனால் மேலே கேளுங்கள். ரிசர்வுக்குப் போன ஜனங்கள் உண்மையிலேயே உழத் தொடங்கினார்கள். கலப்பை பிடித்தார்கள், கோதுமை போட்டார்கள், சிலர் கூட்டாகச் சேர்ந்து மெஷினும் வாங்கினார்கள். அக்கம்பக்கத்து வெள்ளைக்கார விவசாயிகள் போட்டி என்று முணுமுணுத்தார்கள். 1889இல் சர்க்கார் ஒரு கொள்கை கொண்டுவந்தது: பூர்வகுடிகள் மெஷின் வைத்துக்கொள்ளக் கூடாது, அரிவாளால் அறுத்துக் கையால் அடித்துத் தூற்ற வேண்டும், குடும்பத்துக்கு ஒரு ஏக்கர் கோதுமை, கொஞ்சம் கிழங்கு, ஒன்றிரண்டு மாடு போதும். விளைந்ததை விற்கவும் அதிகாரியின் அனுமதிச் சீட்டு வேண்டும். பெரும் பண்ணைகளில் அறுவடை இயந்திரம் ஓடுகிறபோது இவன் கையில் கருக்கரிவாள்!

உழவில்லை என்று நிலத்தை எடுத்தார்கள். உழ ஆரம்பித்தபோது கையைக் கட்டினார்கள். பிறகு, "பார், இவனுக்கு விவசாயம் வரவில்லை" என்று சொல்லி ரிசர்வ் நிலத்தையும் எழுதி வாங்கினார்கள். 1896க்கும் 1911க்கும் இடையில் பிரெய்ரி ரிசர்வ் நிலத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இப்படிக் கைமாறிற்று. ஆகவே, பிரச்னை உழுவதா உழாததா என்பதல்ல. நிலம் வேண்டும், அதற்கு ஒரு சாக்கு வேண்டும். அவ்வளவுதான்.

குடியேறியவன் யார்?

இனி மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் சொல்வது பிரசங்கமாகும், வகுப்பாகாது.

1872இல் சட்டம் போட்டார்கள்: 10 டாலர் கட்டினால் 160 ஏக்கர், மூன்று ஆண்டு குடியிருந்து உழுது காட்டினால் பட்டா. ரயில்வே கம்பெனிக்கு இரண்டரைக் கோடி ஏக்கர் நிலமும், இரண்டரைக் கோடி டாலர் பணமும் கொடுத்தார்கள். ரயிலுக்குச் சரக்கு வேண்டும், நிலத்துக்கு விலை ஏற வேண்டும். அதற்கு ஆள் வேண்டும். ஐரோப்பாவெங்கும் விளம்பரம் செய்தார்கள்.

வந்தவர்கள் பிரபுக்களா? இல்லை. உக்ரைனிலிருந்தும் ருஷ்யாவிலிருந்தும், ஜமீன்தார் கொடுமையில் அரை வயிற்றுக் கஞ்சி குடித்த குடியானவர்கள் மூட்டை முடிச்சோடு வந்தார்கள். முதல் குளிர்காலத்தை மண்ணைத் தோண்டிய குழி வீட்டில் கழித்தார்கள். பட்டாக் காகிதத்தில் அது காலி நிலம் என்றிருந்தது. காலி செய்யப்பட்ட நிலம் என்று அதில் எழுதியிருக்கவில்லை.

அவனுக்கும் பொறி வைத்திருந்தார்கள். ரயில் கட்டணம் கம்பெனி சொன்னதுதான்; தானியக் கிடங்குக்காரன் போட்ட எடைதான் எடை; பாங்குக் கடன் கழுத்துக்கு வந்தது. 1920களில் விவசாயிகள் தங்களுக்கென்று கோதுமைக் கூட்டுறவுகளைக் கட்டியது இந்தக் கொள்ளைக்கு எதிராகத்தான்.

இன்னொரு மோசடியும் நடந்தது. 1857 முதல் 1860 வரை அந்தப் பூமியை ஆராய்ந்த பாலிசர் என்பவர், தென்பகுதியில் பெரும் முக்கோணம் வறண்ட பூமி, உழவுக்கு லாயக்கில்லை என்று எழுதி வைத்திருந்தார். குடியேற்றம் வேண்டியிருந்தவர்கள் அதை அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். உழாதே என்று சொன்ன நிலத்தை உழச் சொல்லி ஏழையை அனுப்பினார்கள்.

1930களில் மழை பொய்த்தது. மண்ணைப் பிடித்திருந்த வேரைத்தான் கலப்பை அறுத்துவிட்டதே! காற்று அடித்தது. மண் எழுந்தது. பட்டப்பகலில் விளக்கேற்றினார்கள். அதே சமயத்தில் உலக முதலாளித்துவ நெருக்கடி. கோதுமை விலை பாதாளத்துக்குப் போயிற்று. பெட்ரோலுக்குக் காசில்லாத விவசாயி மோட்டார் காரின் எஞ்சினைக் கழற்றிவிட்டுக் குதிரை பூட்டி ஓட்டினான். அன்றைய பிரதமரின் பெயரால் அதற்குப் "பென்னட் வண்டி" என்று பெயரிட்டு ஜனங்கள் சிரித்தார்கள். அழுகை முற்றினால் வருகிற சிரிப்பு அது.

வேலையில்லாத இளைஞர்களை முகாம்களில் அடைத்து நாளைக்கு 20 சென்ட் கொடுத்தார்கள். 1935 ஜூனில் அவர்கள் வேன்கூவரிலிருந்து சரக்கு ரயில் கூரைகளில் ஏறித் தலைநகர் ஆட்டவாவை நோக்கிப் புறப்பட்டார்கள். கம்யூனிஸ்டுகள் முன்னின்று கட்டிய சங்கம் அதை நடத்திற்று. ரெஜினாவில் தடுத்தார்கள். ஜூலை 1ஆம் தேதி மாலைக் கூட்டத்தில் போலீஸ் தடியோடு பாய்ந்தது. ரியெலைத் தூக்கிலிட்ட அதே ஊர், தோழர்களே. ஐம்பது ஆண்டு இடைவெளி. சர்க்காரின் கை மாறவில்லை. அடி வாங்கிய முதுகுதான் மாறியது.

புல்லைக் காக்க வந்த வேலி

மண் பறந்த பிறகு சர்க்காருக்கு ஞானோதயம் வந்தது. புல்லைக் காக்க வேண்டும் என்றார்கள். 1935இல் பிரெய்ரி பண்ணைப் புனரமைப்புச் சட்டம் வந்தது. பாழடைந்த நிலத்தைத் திரும்ப எடுத்துப் புல் விதைத்து, பொது மேய்ச்சல் நிலங்களாக்கினார்கள். சுற்று வட்டார விவசாயிகள் கட்டணம் கட்டி மாடு விடலாம். நல்ல காரியம்தான். மூன்று மாகாணங்களிலும் 20 லட்சம் ஏக்கருக்கு மேல் அப்படிப் பிழைத்தது. உண்மையை மறைக்கக் கூடாது.

ஆனால் அந்த நல்ல காரியம் யார் தலைமேல் கட்டப்பட்டது?

மனிடோபாவின் மேற்கு எல்லை ஓரம் செயிண்ட் மேடலைன் என்று ஒரு மேட்டீ கிராமம் இருந்தது. சுமார் 250 பேர். மணற்பாங்கான நிலம். கொஞ்சம் பயிர், கொஞ்சம் வேட்டை, அறுவடைக் காலத்தில் வெளிப்பண்ணைகளில் கூலி. நம் விவசாயத் தொழிலாளியின் வாழ்க்கைதான். அவர்களது நிலத்தை மேய்ச்சல் நிலமாக்க முடிவு செய்தார்கள். வரிப்பாக்கி இல்லாதவனுக்குத்தான் நஷ்டஈடு, மாற்று நிலம் என்றார்கள். பஞ்ச காலத்தில் வரி கட்டியவன் எத்தனை பேர்? பெரும்பாலோருக்கு ஒன்றும் இல்லை. 1938இல் வெளியேற்றினார்கள். வீடுகளைக் கொளுத்தினார்கள். நாய்களைச் சுட்டார்கள். மாதா கோயிலையும் விட்டுவைக்கவில்லை. மிஞ்சியது கல்லறைத் தோட்டம் ஒன்றுதான். சாலை ஓரப் புறம்போக்கில் குடிசை போட்டுப் பிழைக்கிற ஜனமாக அவர்கள் சிதறிப் போனார்கள். பின்னாளில் அவர்களும் பிள்ளைகளும் ஆண்டுதோறும் அந்தக் கல்லறைத் தோட்டத்தருகே கூடாரமடித்துக் கூடினார்கள். ஊர் இல்லாவிட்டாலும் ஊர்க்காரர்கள் உண்டு என்று காட்டினார்கள்.

இன்னொரு உதாரணம். அதே மாகாணத்தில் ரைடிங் மௌண்டன் என்ற இடத்தில் 1930களில் தேசியப் பூங்கா அமைத்தார்கள். அங்கே கிளியர் லேக் ஏரிக்கரையில் கீஸீகூவெனின் ஒஜிப்வே மக்களுக்கு 1896இலேயே சர்க்கார் ஒதுக்கிக் கொடுத்த மீன்பிடி ரிசர்வ் இருந்தது. தன் கையால் கொடுத்ததைத் தன் கையால் பிடுங்கிற்று சர்க்கார். 1936இல் அவர்களை விரட்டி வீடுகளுக்கு நெருப்பு வைத்தார்கள். வனத்தைக் காக்க வேண்டுமாம்! அதே ஏரிக்கரையில் உல்லாசப் பயணிகளுக்கு விடுதியும் கோல்ஃப் மைதானமும் எழும்பின. பூங்காவின் சாலைகளையும் கட்டடங்களையும் கட்டியது யார்? நிவாரணக் கூலிக்கு வந்த வேலையில்லாத தொழிலாளிகள். ஒரு ஏழையின் வீடு எரிந்த இடத்தில் இன்னொரு ஏழை கல் சுமந்தான். இருவரும் உட்கார்ந்து பேசியிருந்தால் கதை வேறாக இருந்திருக்கும். பேச விடவில்லை. அறுபது ஆண்டு விடாமல் வழக்காடிய பிறகு, 1990களில்தான் அந்த ஏரிக்கரை நிலம் அந்த மக்களிடம் திரும்பத் தொடங்கிற்று.

மூன்றாவது, காட்டெருமையின் கதை. அதைக் காப்பாற்றப் போகிறோம் என்று 1907இல் மொண்டானாவிலிருந்து மிச்சமிருந்த ஒரு கூட்டத்தை விலைக்கு வாங்கினார்கள். ஆல்பர்ட்டாவில் வெயின்ரைட் அருகே காட்டெருமைப் பூங்கா அமைத்தார்கள். வேலிக்குள் கூட்டம் பெருகிற்று, நோய் பரவிற்று, ஆயிரக்கணக்கில் கொன்றார்கள். யுத்தம் வந்ததும் பூங்காவையே கலைத்துவிட்டு ராணுவப் பயிற்சி மைதானமாக்கினார்கள்! வன ஜீவன்களுக்காக ஒதுக்கிய நிலம், பீரங்கி சுடத் தேவையென்றால் ஒரு நாளில் கைமாறும். பூர்வகுடி வேட்டையாடக் கேட்டால் மட்டும் சட்டம் குறுக்கே நிற்கும். வேலியே பயிரை மேய்ந்த கதை இதுதான்.

இன்றைய நிலைமை

பழங்கதை என்று தள்ளிவிட முடியாது. சஸ்காட்சுவானில் இயற்கையான புல்வெளியில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் போய்விட்டது. மிஞ்சியதில் முக்கியமானவை அந்தப் பொது மேய்ச்சல் நிலங்கள். 2012இல் மத்திய சர்க்கார் இனி இவற்றை நடத்த முடியாது என்று கைகழுவிற்று. அந்த மாகாணத்தில் மட்டும் 62 மேய்ச்சல் நிலங்கள். தனியாருக்கு விற்றுவிடுவார்களோ என்ற அச்சம் பிறந்தது.

பூர்வகுடிகளுக்கு இதில் உயிர்ப் பிரச்னை உண்டு. 1930இல் நிலமும் இயற்கை வளமும் மாகாணங்களுக்கு மாற்றப்பட்ட உடன்படிக்கையின்படி, காலியான சர்க்கார் நிலத்தில் உணவுக்காக வேட்டையாட, மீன் பிடிக்க அவர்களுக்கு உரிமை உண்டு. சர்க்கார் நிலம் விற்கப்பட்டு வேலி விழுந்தால், உரிமை காகிதத்தில் இருக்கும், கால் வைக்க இடம் இருக்காது. மாடு வைத்திருக்கும் சிறு விவசாயிக்கும் மேய்ச்சல் போகும். ஆந்தைக்கும் நரிக்கும் புதர்க்கோழிக்கும் புகலிடம் போகும். மூவருக்கும் எதிரி ஒருவன்தான்.

அதே 2012 நவம்பரில் சஸ்காட்டூன் நகரில் நான்கு பெண்கள், மூவர் பூர்வகுடி, ஒருவர் குடியேறியவர்களின் வம்சம், நீர்நிலைப் பாதுகாப்பையும் ரிசர்வ் நிலத்தையும் பாதிக்கும் மசோதாவை எதிர்த்து "இனி சும்மா இரோம்" என்ற பொருள்படும் இயக்கத்தைத் தொடங்கினார்கள். நாடு முழுவதும் பரவிற்று.

ஆனால் பகை தீர்ந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். 2016 ஆகஸ்டில் 22 வயதுக் கிரீ இளைஞன் ஒருவன் ஒரு விவசாயியின் பண்ணையில் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானான். 2018இல் ஜூரி அந்த விவசாயியை விடுதலை செய்தது. அந்த ஜூரியில் பூர்வகுடி என்று கண்ணுக்குத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. அதன்பின் மாகாண சர்க்கார் என்ன செய்தது? அனுமதியில்லாமல் பண்ணை நிலத்தில் யாரும் கால் வைக்கக் கூடாது என்று சட்டத்தைக் கடுமையாக்கிற்று. பறித்துக்கொண்டவனின் பேரனுக்கும் பறிகொடுத்தவனின் பேரனுக்கும் நடுவே பயம் நிற்கிறது. அந்தப் பயத்தில் குளிர் காய்கிறவன் நிலத்தில் இல்லை. நகரத்து மாடியில் இருக்கிறான்.

நம்பிக்கைக்கு இடம் இல்லையா? உண்டு. ஒப்பந்தப்படி தர வேண்டிய நிலத்தைத் தராமலே இருந்த பாக்கிக்காக 1992இல் சஸ்காட்சுவானில் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. சர்க்கார் பணம் தரும். விற்கச் சம்மதிக்கிறவனிடம் பூர்வகுடிகள் நிலம் வாங்கி ரிசர்வோடு சேர்த்துக்கொள்ளலாம். தன் நிலத்தையே விலை கொடுத்து வாங்குவது நியாயமா என்று கேட்பீர்கள். நியாயமில்லை. ஆனாலும் போராடிப் பெற்றது. சிறு விவசாயியை அடித்துத் துரத்தாமல் பெற்றது.

2005இல் கிராஸ்லாண்ட்ஸ் தேசியப் பூங்காவுக்கு 71 காட்டெருமைகள் வந்து சேர்ந்தன. ஒரு நூற்றாண்டுக்கு மேல் அந்தப் புல் பார்க்காத குளம்பு. 2014 செப்டம்பரில், கனடா, அமெரிக்கா எல்லையின் இருபுறமும் உள்ள பூர்வகுடி சமூகங்கள் மொண்டானாவில் கூடித் தங்களுக்குள் காட்டெருமை உடன்படிக்கை செய்துகொண்டன. எந்தச் சர்க்காரும் அழைக்கவில்லை. தங்கள் நிலங்களில் காட்டெருமை மீண்டும் நடக்க வேண்டும், அதோடு பாஷையும் வழக்கமும் திரும்ப வேண்டும் என்பது அதன் சாரம். புல்லை அறிந்தவர்கள் புல்லைக் காக்க முன்வந்திருக்கிறார்கள்.

பெரியவருக்குப் பதில்

தோழர்களே, இப்போது சென்ற மாதக் கேள்விக்குப் பதில் சொல்கிறேன். பெரியவர் இதோ முன்வரிசையிலேயே உட்கார்ந்திருக்கிறார்.

"உழுபவனுக்கே நிலம்" என்று நாம் சொன்னது யாரைப் பார்த்து? உழாமல், விதைக்காமல், வெயில் படாமல் வாரம் வாங்கித் தின்ற நிலப்பிரபுவைப் பார்த்து. ஆடு மேய்ப்பவனைப் பார்த்தல்ல. காட்டில் தேன் எடுப்பவனைப் பார்த்தல்ல. நிலத்தில் உழைத்து வாழ்கிறவனிடமிருந்து, உழைக்காமல் தின்கிறவன் பறிக்கக் கூடாது என்பதுதான் அதன் உயிர். அந்த உயிரை எடுத்துவிட்டு வார்த்தையை மட்டும் வைத்துக்கொண்டால், அதே வார்த்தையைக் கொண்டு கிரீ மக்களை விரட்டலாம். நம் மேய்ச்சல் புறம்போக்கை "தரிசு" என்று எழுதிக் கம்பெனிக்குக் கொடுக்கலாம். கோஷத்தை நாம் காக்காவிட்டால் எதிரி அதை எடுத்து அணிந்துகொள்வான்.

இரண்டாவது: காட்டையும் புல்லையும் காக்கத்தான் வேண்டும். அதில் நமக்குச் சந்தேகம் இல்லை. மண் பறந்தால் முதலில் பட்டினி கிடப்பவன் ஏழை. ஆனால் காக்கிறோம் என்று யாராவது வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். இதை அழித்தது யார்? இப்போது வெளியே போகச் சொல்வது யாரை? வேலி போட்ட பிறகு உள்ளே நுழையப் போவது யார்? அழித்தவன் ஒருவன், வெளியேறுபவன் வேறொருவன், நுழைபவன் காரில் வருகிறவன் என்றால், அது ஆடு நனைகிறதென்று அழுத ஓநாயின் கண்ணீர்.

மூன்றாவது: குடியேறிய ஏழையும் குடிபெயர்க்கப்பட்ட ஏழையும் ஒருவரையொருவர் கள்வன் என்று பார்த்துக்கொண்டிருக்கும் வரை இருவர் நிலமும் தங்காது. முதலில் நடந்த அநியாயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். பாக்கியைத் தீர்க்க வேண்டும். அதன்பின் சேர்ந்து நிற்க வேண்டும். பாக்கியைத் தீர்க்காமல் ஒற்றுமை பேசுகிறவன் பண்ணையார் மாதிரி: கூலியைக் கேட்டால், "நாமெல்லாம் ஒரு குடும்பம்" என்பான்.

பெரியவர் தலையசைக்கிறார். ஆனால் முகத்தைப் பார்த்தால் இன்னொரு கேள்வி வைத்திருக்கிறார் போலத் தெரிகிறது. கேட்கட்டும். வகுப்பு முடியவில்லை. உட்காருங்கள் தோழர்களே, டீ வருகிறது.